தமனிச் சுவரின் இரு படிகங்கள்

நெகிரி செம்பிலானில், லிங்கி ஆற்றை ஒட்டிய தோட்டப்புறங்களில், "காலை எடுத்துட்டாங்க" என்பது யாரையும் திடுக்கிட வைக்கும் செய்தியாக இப்போது இல்லை. "இனிப்புநீர் முத்திப்போச்சு" என்று ஒரு காரணம் சொல்லி, வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியரை மட்டும் பிரித்துப் பார்த்தால் அது 31 விழுக்காட்டைத் தொட்டது. அதாவது, மூன்று பெரியவர்கள் உள்ள ஒரு தமிழ் வீட்டில் சராசரியாக ஒருவருக்கு இந்த நோய் உண்டு. இவர்களில் பலர் கிளினிக்கில் தவணை தவறாமல் சீனி அளவு பார்த்துக்கொள்கிறார்கள், மாத்திரையும் சாப்பிடுகிறார்கள். ஆனால் விரலில் வந்த புண் ஆறுமா, முழங்காலுக்குக் கீழே வெட்டும்வரை போகுமா என்பதை அன்றைய சீனி அளவு மட்டும் முடிவு செய்வதில்லை. அந்த இடத்துக்கு ரத்தம் போய்ச் சேருகிறதா என்பதே முதல் கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தேட நாம் வைத்திருக்கும் எளிய சோதனை, யாருக்கு அது மிகவும் தேவையோ அவர்களிடமே பொய் சொல்கிறது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். அந்தப் பொய்க்கான காரணம் தமனிச் சுவருக்குள் வளரும் படிகங்களில் இருக்கிறது.

சோதனை இதுதான். நோயாளியைச் சற்று நேரம் மல்லாந்து படுக்க வைத்து, கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி, டாப்ளர் என்னும் சிறு ஒலிக்கருவியால் நாடியைக் கேட்டு, இரண்டு இடத்து அழுத்தத்தையும் எடுக்கிறார்கள். கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுக்க வேண்டும். கால் தமனியில் தடையில்லை என்றால் கணுக்கால் அழுத்தம் கைக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். விகிதம் 0.90 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு இருப்பதாகக் கொள்கிறார்கள். 1950-இல் அமெரிக்க மருத்துவர் டிராவிஸ் வின்சர் எழுதிய ஆய்விலிருந்து வளர்ந்த முறை இது. ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, செலவும் அதிகமில்லை. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்து நிற்பதற்கு இவையே போதிய காரணங்கள்.

இந்த முறை ஒரு விஷயத்தைச் சொல்லாமலே நம்பிக்கொண்டிருக்கிறது: பட்டை இறுக்கும்போது தமனி நசுங்கும் என்று. பட்டைக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தைத்தான் கருவி காட்டுகிறது, தமனிக்குள் ஓடும் ரத்தத்தின் அழுத்தத்தை அல்ல. சுவர் மென்மையாக இருக்கும்வரை இரண்டும் ஒன்றுதான். சுவர் விறைத்துப்போனால், ரத்தத்தின் அழுத்தத்தோடு சுவரின் விறைப்பையும் சேர்த்து வென்றால்தான் நாடி நிற்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கை அழுத்தம் 150 மில்லிமீட்டர் பாதரசம். அடைப்பின் காரணமாகக் கணுக்காலில் உண்மையான அழுத்தம் 100-தான். விகிதம் 0.67 என்று வர வேண்டும். அது தெளிவான நோய். ஆனால் சுவர் விறைத்திருப்பதால் பட்டையை 165 வரை ஏற்றிய பிறகே நாடி ஒலி அடங்குகிறது. தாளில் 1.10 என்று பதிவாகிறது. 1.40-ஐத் தாண்டியிருந்தால் மருத்துவருக்குச் சந்தேகம் வந்திருக்கும், ஏனெனில் அந்த எல்லைக்கு மேல் போனால் தமனி நசுங்கவில்லை என்று பாடநூலே எச்சரிக்கிறது. 1.10 யாரையும் எச்சரிக்காது. அடைப்பு எண்ணைக் கீழே இழுக்கிறது, விறைப்பு மேலே தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து அழகான நடுத்தர எண் ஒன்றைத் தருகின்றன. நோயாளி நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்.

விறைப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத் தமனிச் சுவருக்குள் நுழைய வேண்டும். அங்கே இருவகைப் படிகங்கள் உண்டு, வெவ்வேறு படலங்களில். ரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் உட்படலத்தில் சேர்வது கொலஸ்ட்ரால், ஒரு கரிமப் பொருள். இதன் மூலக்கூறு வடிவத்தைக் கண்டுபிடித்த கதை படிகவியலின் முதல் பெருமைகளில் ஒன்று. ஹைன்ரிஷ் வீலாந்து 1927-க்கும் அடால்ஃப் விண்டாஸ் 1928-க்கும் உரிய வேதியியல் நோபல் பரிசுகளைப் பெற்றது இவ்வகைச் சேர்மங்களை ஆராய்ந்ததற்காகத்தான். ஆனால் அவர்கள் வரைந்து காட்டிய கார்பன் வளையங்களின் அமைப்பு தவறு. 1932-இல் ஜே.டி. பெர்னால் இச்சேர்மப் படிகங்களை எக்ஸ்-கதிரில் வைத்து அளந்து, அந்த மூலக்கூறு இவ்வளவு தடிமனாக இருக்க முடியாது என்றார். சோதனைக்குழாயில் ஆண்டுக்கணக்காக உழைத்தவர்களுக்குத் தெரியாதது ஒரு படிகத்தின் நீள அகலத்தில் தெரிந்துவிட்டது. பெர்னாலின் மாணவி டோரதி ஹாட்ஜ்கின், கார்லைலுடன் சேர்ந்து 1945-இல் கொலஸ்டிரில் அயோடைடின் முழு முப்பரிமாண அமைப்பை வெளியிட்டார். பின்னாளில், 1969-இல், இன்சுலினின் அமைப்பை விடுவித்தவரும் அவரே. முதல் இன்சுலின் படத்தை எடுத்து 34 ஆண்டுகள் கழித்து. நீர் சேர்ந்த கொலஸ்ட்ராலின் படிக அமைப்பு 1976-இல் கிரேவனின் ஆய்வில் வந்தது. நீரை விரும்பும் ஒரே ஒரு முனை, மற்ற உடல் முழுதும் கொழுப்புத்தன்மை என்ற மூலக்கூறு இது. முனைகள் நீரோடு ஒரு வரிசையாகவும் உடல்கள் இன்னொரு வரிசையாகவும் அடுக்கிக்கொள்ள, மெல்லிய தட்டையான சில்லுகள் உருவாகின்றன. தமனிச் சுவரில் தேங்கும் கொலஸ்ட்ரால் இந்த வடிவில்தான் படிகமாகிறது.

நோய்க்கூறு ஆய்வாளர்கள் இந்தச் சில்லுகளை நெடுங்காலம் நேரில் காணவில்லை என்பதுதான் வேடிக்கை. திசுவை மெல்லியதாக அரிந்து கண்ணாடியில் ஒட்டுவதற்கு முன் அதை ஆல்கஹாலில் ஊற வைத்து நீரை நீக்குவார்கள். கொலஸ்ட்ரால் அதில் கரைந்து போய்விடும். நுண்ணோக்கியில் எஞ்சுவது ஊசி வடிவ வெற்றிடங்கள் மட்டுமே. அந்த வெற்றிடங்களுக்குப் பெயர் வைத்து, பாடநூலில் படம் போட்டு, அவை செயலற்ற எச்சம் என்ற எண்ணத்தோடு பல தலைமுறைகள் படித்தன. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் அபெலா ஆல்கஹாலைத் தவிர்த்து வேறு வழியில் திசுவை உலர்த்திப் பார்த்தபோது, படிகங்கள் உட்படலத்தைக் குத்திக்கொண்டு வெளியே நீட்டியிருப்பது தெரிந்தது. கொழுப்புத் திட்டு வெடிப்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு என்ற கருத்து அதன் பிறகே வலுப்பட்டது. பார்க்கும் முறையே பார்க்க வேண்டியதை அழித்துவிட்டது. கணுக்கால் பட்டையின் கதையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால்தான் இதை இவ்வளவு விரித்தேன்.

இரண்டாவது படிகம் தமனியின் நடுப்படலத்தில் வளர்கிறது. இது கரிமப் பொருள் அல்ல; கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த அப்பட்டைட். எலும்பின் கனிமம் இந்த வகைதான் என்று டி யோங் 1926-இல் எக்ஸ்-கதிரால் காட்டினார். தசைநார் செல்கள் இருக்க வேண்டிய படலத்தில் எலும்புக் கனிமம் படிவதை 1903-இலேயே மோன்க்பர்க் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்துவிட்டார். முதுமையில் இயல்பாகப் படியும் சுண்ணாம்பு என்று அப்போது நினைத்தார்கள். இன்று தெரிவது வேறு: அந்தத் தசைநார் செல்களே எலும்புச் செல்களின் குணத்தை எடுத்துக்கொண்டு கனிமத்தைப் படிய வைக்கின்றன. நெடுநாள் நீரிழிவும் சிறுநீரகச் செயலிழப்பும் இதைத் தூண்டும் முக்கியக் காரணங்கள். இந்தப் படிகம் குழாயின் துளையை அடைப்பதில்லை, சுவரை விறைக்க மட்டும் செய்கிறது. விறைப்பில் கொலாஜனுக்கும் பங்கு உண்டு. தமனிச் சுவரைத் தாங்கும் இந்தப் புரதம் மூன்று இழை முறுக்கு என்பதை 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ்-கதிர்ப் படங்களிலிருந்து வகுத்துச் சொன்னார்கள். ரத்தத்தில் மிதமிஞ்சிய சர்க்கரை அந்த இழைகளுக்கிடையே பிணைப்புகளை உண்டாக்கி அவற்றை இறுகச் செய்கிறது.

ஆக, கொலஸ்ட்ரால் படிகம் சேரும் நோய் கணுக்கால் எண்ணைக் குறைக்கிறது. அப்பட்டைட் படிகம் அதே எண்ணைக் கூட்டுகிறது. இரண்டும் வெவ்வேறு ஆட்களுக்கு வந்தால் பாதகமில்லை. ஒரே ஆளுக்கு வருவதுதான் சிக்கல். அது தற்செயலும் அல்ல. 1983-இல் வெளிவந்த ஜெர்மானிய ஆய்வொன்று, கால் தமனிகளுக்குப் போகும் தன்னியக்க நரம்புகளை அறுவையால் துண்டித்துப் பல ஆண்டுகள் ஆன 60 நோயாளிகளைப் பார்த்தது. 55 பேரின் கால் தமனிகளில் நடுப்படலச் சுண்ணாம்பு இருந்தது; அவர்களில் நீரிழிவு இல்லாதவர்களும் அடக்கம். நரம்பு போனால் நடுப்படலம் கல்லாகிறது என்றால், நீரிழிவு தானாகவே நரம்பைக் கொல்லும் நோயல்லவா? இங்கேதான் வாதத்தின் முடிச்சு இருக்கிறது. ஓடும் ரத்தம் போதாதபோது நடந்தால் கெண்டைக்காலில் வலி எடுக்கும். மருத்துவர் முதலில் கேட்பது அந்த வலியைத்தான். நரம்பு செத்தவருக்கு அந்த வலி மங்கிவிடுகிறது. அதே நரம்புச் சிதைவு தமனியைக் கல்லாக்கி, பட்டை சொல்லும் எண்ணையும் கெடுக்கிறது. வாயால் சொல்லும் குறையும் கருவி சொல்லும் எண்ணும் ஒரே காரணத்தால், ஒரே ஆளிடம், ஒரே காலத்தில் பயனற்றுப் போகின்றன. ஒன்று தவறினால் இன்னொன்று காப்பாற்றும் என்ற மருத்துவ நம்பிக்கை இங்கே செல்லாது.

விறைத்த தமனி அடைப்பில்லாத வெறும் விறைப்பு, அதற்கு ஏன் கவலை என்று கேட்கலாம். அமெரிக்கப் பூர்வகுடியினரிடையே நடந்த ஸ்டிராங் ஹார்ட் ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. நீரிழிவு மிக அதிகமாக உள்ள சமூகம் அது. அந்த வகையில் நம் தோட்டப்புறத்துக்கு நெருங்கிய உறவு. 2004-இல் வெளியான முடிவின்படி, 4,393 பேரில் 4.9 விழுக்காட்டினருக்கு விகிதம் 0.90-க்குக் கீழே; 9.2 விழுக்காட்டினருக்கு 1.40-க்கு மேலே. பின்னர் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்த்தால், இரண்டு கூட்டத்துக்கும் ஆபத்து ஏறத்தாழ ஒரே அளவில் கூடியிருந்தது. அங்கே விறைத்த தமனிக்காரர்கள் அடைத்த தமனிக்காரர்களைப்போல ஏறத்தாழ இரு மடங்கு இருந்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். வழக்கமான ஆய்வு 0.90-க்குக் கீழே உள்ளவர்களை மட்டும் எண்ணி, மற்ற எல்லோரையும் நலமுள்ளவர் பட்டியலில் போட்டுவிடுகிறது.

முதல் மறுப்பு நம் பக்கத்திலிருந்தே வரும். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் நடத்தி 2000-இல் வெளியிட்ட நகர மக்கள் ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களில் 6.3 விழுக்காட்டினருக்கே கால் தமனி நோய் காணப்பட்டது. மேலை நாட்டு எண்ணிக்கைகளோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. தென்னிந்தியருக்கு மாரடைப்புதான் அதிகம், கால் தமனி நோய் குறைவு என்ற கருத்துக்கு இது ஆதாரமாகக் காட்டப்படுகிறது. அந்த ஆய்வு கவனமாகச் செய்யப்பட்டது. அதன் எண் பொய் என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆய்வுக்கு உட்பட்டவர்களின் வயதும் முடிவைத் தீர்மானித்திருக்கும். ஆனால் அளந்த கருவி கணுக்கால் விகிதம், கோடு 0.90. மேலே சொன்ன 1.10 நோயாளி அந்த 6.3-க்குள் வரமாட்டார். மலேசியாவிலோ, கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் வெளிநோயாளர் பிரிவில் 200 நீரிழிவு நோயாளிகளைப் பரிசோதித்து 2007-இல் வெளியான ஆய்வில் 16 விழுக்காடு வந்தது. இந்தியரிடையே ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், மலாய்க்காரரிடையே அதைவிட மிகவும் குறைவு. மருத்துவமனைக்கு வருபவர்களும் தெருவில் உள்ளவர்களும் ஒன்றல்ல, அதனால் இரண்டு எண்ணையும் நேருக்கு நேர் நிறுத்த முடியாது. எனினும் தமிழருக்கு இந்த நோய் வராது என்ற ஆறுதலுக்கு அந்த ஐந்தில் ஒருவர் இடம் கொடுக்கவில்லை. அந்த எண்ணும் விறைத்த தமனிகளை உள்ளடக்காத கீழ் எல்லைதான்.

அப்படியானால் எங்கே அளப்பது? கால் பெருவிரலில். விரலின் சிறு தமனிகளில் நடுப்படலச் சுண்ணாம்பு மிகக் குறைவாகவே படிகிறது. ஒரு சிறு பட்டையை விரலின் அடியில் சுற்றி, நுனியில் ஒளி உணரியை ஒட்டினால், ரத்தம் மீண்டும் பாயும் நொடியில் அழுத்தம் பதிவாகிறது. விரல் எண்ணைக் கை எண்ணால் வகுத்து 0.70-க்குக் கீழே வந்தால் நோய். விரல் அழுத்தம் 30-க்குக் கீழே போய்விட்டால் புண் ஆறும் வாய்ப்பு மிகக் குறைவு, உடனே ரத்தக்குழாய் அறுவை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். விரல் கருவி இல்லாத கிளினிக்கிலும் ஒரு வழி உண்டு: டாப்ளரில் கணுக்கால் நாடியின் ஒலியைக் கேட்பது. நலமான தமனியில் ஒவ்வொரு துடிப்பும் மூன்று அடுக்காகவோ இரண்டு அடுக்காகவோ கேட்கும். அடைப்பைத் தாண்டி வரும் ரத்தம் ஒற்றை இழுப்பாகத் தேய்ந்து ஒலிக்கும். பட்டையை இறுக்கத் தேவையில்லாததால் சுவரின் விறைப்பு இதைக் கெடுப்பதில்லை. இன்னொன்று, காசு செலவே இல்லாதது. புண் எலும்புவரை போய்விட்டதா என்று பார்க்கப் பாதத்துக்கு எடுக்கும் சாதாரண எக்ஸ்-ரே படத்தில், விறைத்த தமனி ரயில் தண்டவாளம்போல இரு இணைகோடுகளாகத் தெரியும். எலும்பை மட்டும் பார்த்துவிட்டுப் படத்தை உறைக்குள் திரும்பப் போடுவது வழக்கம். அந்தக் கோடுகளைக் கண்டவர், இந்த ஆளின் கணுக்கால் எண்ணை நம்பக்கூடாது என்று அட்டையில் எழுதிவிட்டால் அதுவே பாதி வேலை.

விரல் சோதனையும் குறையற்றதல்ல. குளிரில் விரல் சுருங்கினால் எண் தாழ்ந்துபோகும். பெருவிரலையே இழந்தவருக்கு அளக்க இடமில்லை. வீக்கமோ புண்ணோ இருந்தால் பட்டை கட்ட முடியாது. இருப்பினும் இதன் பிழை பெரும்பாலும் நோயில்லாதவரை நோயுள்ளவராகக் காட்டும் பக்கம் சாய்கிறது. கால் போகும் அபாயம் உள்ள இடத்தில் அந்தப் பக்கம் தவறுவது பெருங்குற்றமல்ல.

கனமான மறுப்பு வேறு. அறிகுறியே இல்லாதவர்களைத் தேடிச் சோதிப்பதால் கால்கள் காப்பாற்றப்படுகின்றன என்பதற்குச் சான்று எங்கே? அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2018-இல் இதே கேள்வியை எழுப்பி, கணுக்கால் விகிதத்தை எல்லோருக்கும் பார்க்கச் சொல்லப் போதிய சான்று இல்லை என்று முடித்தது. டென்மார்க்கில் 65 முதல் 74 வயது வரையான 50,156 ஆண்களிடம் நடந்த சோதனை, கால் தமனி, வயிற்று மகாதமனி, ரத்த அழுத்தம் மூன்றையும் சேர்த்துப் பார்த்து மருந்து கொடுத்ததில் இறப்பு 7 விழுக்காடு குறைந்ததாக 2017-இல் சொன்னது. மூன்றில் எது பலன் தந்தது என்று பிரித்துச் சொல்ல அது இடம் தரவில்லை. விரல் சோதனை கால் இழப்பைக் குறைத்தது என்று காட்டும் பெரிய ஒப்பீட்டுச் சோதனையும் இல்லை. இந்த மறுப்பை நான் ஒதுக்கவில்லை. அதன் எல்லையை மட்டும் சுட்டுகிறேன். அமெரிக்கக் குழு பேசியது பொது மக்களைப் பற்றி. இங்கே பேச்சு, பத்தாண்டுகளுக்கு மேல் இனிப்புநீர் உள்ளவர், பாதத்தில் உணர்ச்சி இழந்தவர், சிறுநீரகம் பழுதானவர், ஒருமுறை புண் வந்து ஆறியவர் ஆகியோரைப் பற்றி. இவர்களை ஆரோக்கியமானவர்கள் என்று யாரும் சொல்வதில்லை. அவர்களிடம் கணுக்கால் எண்ணை ஏற்கெனவே எடுத்துக்கொண்டும் நம்பிக்கொண்டும் இருக்கிறோம். புதிய சோதனையைத் திணிப்பது ஒன்று, பழைய சோதனை தவறும் இடத்தில் அதைத் திருத்துவது வேறொன்று. நீரிழிவுப் பாதம் குறித்த அனைத்துலகப் பணிக்குழுவின் 2023 வழிகாட்டியும், காலில் புண் உள்ள நீரிழிவு நோயாளிக்கு நாடி ஒலி, கணுக்கால் அழுத்தம், விரல் அழுத்தம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. ஏதாவது ஒன்றை மட்டும் நம்பச் சொல்லவில்லை.

லிங்கிக்குத் திரும்பலாம். 1905-இல் லிங்கி பிளாண்டேஷன்ஸ் கம்பெனி தொடங்கிய காலத்திலிருந்து தொழிலாளரின் உடல்நலம் தோட்ட நிர்வாகத்தின் கணக்கில் இருந்தது. 1923-இன் தொழிலாளர் சட்டத் தொகுப்பு மருத்துவ வசதியை முதலாளியின் கடமையாக்கியது. அந்த ஏற்பாட்டின் முகம் டிரெஸ்ஸர் எனப்பட்ட தோட்ட மருத்துவ உதவியாளர். 1965-இல் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டமே வந்தது. மலேரியா, கொக்கிப்புழு, வெட்டுக்காயம் ஆகியவற்றுக்காக அமைந்த ஏற்பாடு அது. முப்பதாண்டுகளாக மெல்ல முற்றும் நோய்க்காக அமைந்ததல்ல. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பிள்ளைகள் சிரம்பானுக்கும் கிள்ளானுக்கும் குடிபெயர்ந்த பிறகு, தோட்டத்திலும் பக்கத்துத் தாமான்களிலும் எஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். அதாவது, இனிப்புநீர் மிக நீண்ட காலம் இருந்தவர்கள். தமனி விறைக்க மிக அதிக வாய்ப்புள்ளவர்கள். இன்று அவர்கள் நம்பியிருப்பது அரசு கிளினிக்கை. அதற்கு மேல் சிகிச்சை என்றால் போர்ட்டிக்சன், அல்லது ரந்தாவ் வழியாகச் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை. வண்டி ஓட்டப் பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத முதியவருக்கு அது ஒரு முழு நாள் பயணம். இந்தத் தொலைவுதான் சோதனை எங்கே நடக்க வேண்டும் என்பதையும் முடிவு செய்கிறது. சிரம்பானுக்கு வருபவரிடம் விரல் அழுத்தம் பார்ப்பது பெரும்பாலும் புண் கறுத்த பிறகு நடக்கும் காரியம்.

அழுத்தம் குறைவு என்று தெரிந்து என்ன பயன், லிங்கியில் ரத்தக்குழாய் அறுவையா நடக்கப்போகிறது என்பாரும் உண்டு. அறுவை தேவைப்படுவது சிலருக்கே. தெரிந்தவுடன் செய்யக்கூடியவை கிளினிக்கின் மருந்தறையிலேயே இருக்கின்றன: கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின், ரத்தத் தட்டுகள் ஒட்டாமல் தடுக்கும் மாத்திரை, ரத்த அழுத்தக் கட்டுப்பாடு, சிகரெட்டை நிறுத்தும் உதவி. இவற்றால் முதலில் காப்பாற்றப்படுவது இதயமும் மூளையும். கால் அதன் பிறகு. ஓட்டம் குறைந்த கால் என்று தெரிந்தவரின் பாதத்தில் சிலிப்பர் வார் உராய்ந்த கொப்புளத்தைக்கூட மறுவாரம் வரச் சொல்லி அனுப்பாமல் அன்றே கவனிக்க வேண்டும்.

மாநிலச் சுகாதார இலாகா செய்ய வேண்டியது பெரிதில்லை. போர்ட்டிக்சன் மாவட்டத்தின் அரசு கிளினிக்குகளில் நடக்கும் ஆண்டுக் கால் பரிசோதனையில், மேலே சொன்ன நால்வகை நோயாளிகளுக்கு மட்டுமாவது விரல் அழுத்தத்தைச் சேர்க்கட்டும். கிளினிக் கிளினிக்காகக் கொண்டு போகும் ஒரே கருவியாக இருந்தாலும் பரவாயில்லை. 1.40-ஐத் தாண்டிய கணுக்கால் எண்ணை நலம் என்று எழுதாமல், அளக்க முடியவில்லை என்று எழுதட்டும். வாசகர்களில் தோட்டத்தில் அப்பா அம்மாவை விட்டுவிட்டு நகரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த தவணைக்கு அவர்களைக் கூட்டிப்போகும்போது சீனி எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், கால் விரலில் அழுத்தம் பார்த்தீர்களா என்றும் கேளுங்கள்.